முந்நூறு மீட்டர் தள்ளி: ஸ்வால்பார்ட் கடலில் ஒரு படகுப் பயணம்

2025 ஜூலை 5, லாங்யேர்பியென்

ஒஸ்லோவில் விமானம் ஏறி மூன்று மணி நேரத்தில் இங்கே, ஆர்க்டிக் கடலில் இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் முக்கிய ஊரில், இறங்கிவிட்டேன். இரவு பதினொன்றரை மணிக்கு வெயில் கண்ணைக் கூசியது. ஏப்ரல் 20 வாக்கில் எழும் சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறையும். சாலையோரம் வெள்ளைக் கரடி படம் போட்ட முக்கோண எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. ஸ்வால்பார்ட் முழுவதற்கும் இது பொருந்தும் என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் கருவி ஏதாவது கையில் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம்.

நிலக்கரிக்காக உண்டான ஊர் இது. விடுதிக்குள் நுழையும்போதே காலணியைக் கழற்றச் சொல்கிறார்கள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் கரித்தூளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஏற்பட்ட பழக்கம் அது. அந்தச் சுரங்கங்களில் கடைசியாக இயங்கிவந்த ஏழாம் எண் சுரங்கத்தையும் போன வாரம், ஜூன் 30 அன்று, மூடிவிட்டார்கள். ஏறக்குறைய 2,500 பேர் வாழும் இந்த ஊர் இனிமேல் பயணிகளையும் ஆய்வாளர்களையும் நம்பித்தான் ஓட வேண்டும். பயணிகளில் பெரும்பாலோர் பார்க்க வருவது கடலோரத்தை. அதனால் படகுகளை எப்படி, எங்கே, எவ்வளவு விடுவது என்பது இங்கே ஒரு பக்கம் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை, இன்னொரு பக்கம் கரடிகளின் உயிர்ப் பிரச்சினை.

நான் நார்வேயின் பேர்கன் நகரில் கப்பல் சான்றிதழ்கள் தொடர்பான வேலையில் இருக்கிறேன். துருவக் கடலுக்கான விதிகளை வருடக்கணக்காகக் காகிதத்தில் படித்துவருகிறேன். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் புதிய விதிகள் வந்திருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. அங்கே கரையிறங்க 43 இடங்களுக்கு மட்டுமே அனுமதி. துருவக் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். இவையெல்லாம் தண்ணீரில் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ஆசை. அதற்காகத்தான் பெரிய கப்பலை விட்டுவிட்டு ஒரு பாய்மரப் படகில் இடம் பிடித்தேன். நாளை மாலை கிளம்புகிறோம்.

ஜூலை 6, ஈஸ்ஃபியோர்டன்

இரண்டு பாய்மரம், இரும்பு உடல், பன்னிரண்டு பயணிகள். இந்தப் பன்னிரண்டு தற்செயலான எண்ணிக்கை இல்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால்தான் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி அது ‘பயணிகள் கப்பல்’. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் துருவக் கடல் விதித்தொகுப்பு பயணிகள் கப்பல்களையும் 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களையும் குறிவைத்து எழுதப்பட்டது. பனியில் தாங்கும் உடல், குளிரில் வேலை செய்யும் உயிர்காப்புப் படகு, மாலுமிகளுக்குத் தனிப் பயிற்சி என்று அதில் நிறைய இருக்கிறது. பன்னிரண்டு பேர் போகும் பாய்மரப் படகும் தனியாருக்குச் சொந்தமான உல்லாசப் படகும் அந்த வலையின் கண் வழியே வெளியே போய்விடுகின்றன. அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள உல்லாசப் படகுகளுக்குப் பயணத் திட்டமிடல், வழிச்செலுத்தல் விதிகள் விரிகின்றன. நல்லதுதான். ஆனால் இங்கே துறைமுகத்தில் கட்டியிருக்கும் சிறு படகுகளில் ஒன்றுகூட 300 டன்னை நெருங்காது. ஆக, சிறு படகைக் கட்டுப்படுத்த வேண்டியது இந்த ஊர்ச் சட்டம்தான்.

கிளம்பும் முன் வழிகாட்டிப் பெண் எங்களை டெக்கில் உட்காரவைத்துப் பேசினார். வடக்கு நார்வேக்காரர், பேச்சில் அலங்காரமே இல்லை. முதலில் காலணிகளைக் கழுவச் சொன்னார். அடிப்பாகத்தின் வரிகளுக்குள் ஊசியால் கிளறி மண்ணை எடுக்க வேண்டும். ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டை, பையின் மூலை எல்லாவற்றையும் தட்டி உதற வேண்டும். லாங்யேர்பியென் விமான நிலையத்தில் இறங்கியவர்களின் காலணிகளை ஆய்வாளர்கள் ஒருமுறை சோதித்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக நான்கு விதைகள் கிடைத்தன, அவற்றில் ஒரு பகுதி இங்கத்திய வெப்பநிலையிலேயே முளைத்தது. என் காலணியிலிருந்து வந்தது பேர்கன் மலைப்பாதையின் கறுப்பு மண்.

இந்தப் பயணத்துக்கான அறிவிப்பை கவர்னர் அலுவலகத்துக்குப் படகுக்காரர்கள் முன்பே அனுப்பியிருக்கிறார்கள். நோர்வீஜிய மொழியில் ‘சிஸெல்மெஸ்டர்’ என்கிறார்கள். அவர்தான் இங்கே காவல்துறை, அவரே சுற்றுச்சூழல் அதிகாரி, தேடி மீட்கும் ஹெலிகாப்டர்களும் அவர் பொறுப்பில். ஊரைச் சுற்றியுள்ள பகுதியைத் தாண்டிச் சொந்தப் படகில் போகிறவரும் அவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, மீட்புச் செலவுக்குக் காப்பீடு காட்ட வேண்டும்.

ஜூலை 7, ஃபோர்லாண்ட்சுண்டெ

ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பெருந்தீவுக்கும் பிரின்ஸ் கார்ல்ஸ் ஃபோர்லாண்ட் என்ற நீளத் தீவுக்கும் நடுவே ஒரு கடல் வழி. நடுவில் மணல் திட்டு இருப்பதால் பெரிய கப்பல்கள் இதற்குள் வருவதில்லை, வெளிப்பக்கம் சுற்றிப் போகின்றன. எங்களைப் போன்ற சிறு படகுகளுக்கு அது தடையில்லை. எந்த மூலைக்கும் நுழைய முடிவதால்தான் சிறு படகைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று கேப்டனே சொன்னார்.

பூலெபின்டன் முனையில் வால்ரஸ்கள், நீண்ட தந்தமுள்ள பெரிய கடல் விலங்குகள், குவியலாகக் கிடந்தன. வேகத்தைக் குறைத்து, தூரம் விட்டு, காற்று எங்கள் மணத்தை அவற்றின் பக்கம் கொண்டுபோகாத திசையில் நின்றோம். ஒன்று தலையைத் தூக்கினால் எஞ்சினை நிறுத்தினார், அது மறுபடி படுத்த பிறகுதான் அசைந்தோம். நூற்றாண்டுக் கணக்கில் தந்தத்துக்காகக் கொன்று, 1952-ல் வேட்டையைத் தடை செய்தபோது இங்கே வால்ரஸ் அநேகமாக இல்லாமலே போயிருந்தது. இன்று ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு தடைச் சட்டம் எழுபது ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கரையைவிடச் சாட்சி வேண்டாம்.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு பயணி மிதக்கும் பனிக்கட்டியில் ஏறி வால்ரஸுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கவர்னர் அவருக்கு 12,500 நார்வே குரோனர் அபராதம் போட்டார். குறைவு என்பது என் கருத்து.

ஜூலை 8, நி-ஓலெசுண்ட்

79 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆய்வுக் கிராமம். துறைக்கு வருவதற்கு வெகு முன்பே எல்லாருடைய கைபேசியையும் விமானப் பயண முறையில் போடச் சொன்னார்கள். வைஃபை, ப்ளூடூத் எதுவும் 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் கூடாது. தொலைதூர விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து பூமியின் அசைவை அளக்கும் கருவிகள் இங்கே இருக்கின்றன, நம் கைபேசியின் சத்தத்தில் அவை செவிடாகிவிடும். (அதனால் இந்தப் பகுதியை ஒரு நாள் தாமதமாகத்தான் ஏற்றுகிறேன்.)

இதுவும் முன்னாள் நிலக்கரி ஊர்தான். 1962 நவம்பரில் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள், அத்தோடு சுரங்கம் மூடப்பட்டது. இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் உள்ளன. இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. மரத்தால் கட்டிய எளிய வீடு, வாசலில் பெயர்ப்பலகை. 1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவும் இடம்பெற்றிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது நாங்கள் கடந்துவந்த தண்ணீர். காங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில் 2014 ஜூலையில் ‘இண்டார்க்’ என்ற கருவித் தொகுப்பை இந்தியா நங்கூரமிட்டது. அதை வடிவமைத்ததில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் இந்த ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழிக்குள், எவ்வளவு நுழைகிறது என்று அது அளக்கிறது. ஆர்க்டிக்கின் சூட்டுக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியோடு தொடங்கிய வேலை. பள்ளிக்கரணைச் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். அங்கே உருவானது இங்கே குளிர்நீருக்குள் கிடக்கிறது என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது.

கரையில் நடக்க ஒரே சுற்றுப்பாதைதான், அதை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. ஆலாக்கள் சாலையோரக் கூழாங்கற்களிலேயே முட்டையிட்டிருந்தன. அருகில் போனால் தலையில் கொத்துகின்றன. கையை உயர்த்திப் பிடித்தால் உயரமான இடத்தைத்தான் கொத்தும் என்று வழிகாட்டி சொல்லிக்கொடுத்தார். அண்டார்க்டிக் வரை போய்த் திரும்பிவரும் பறவை, நூறு கிராம் எடை. அதன் முட்டைக்காகச் சாலையின் ஒரு பகுதியையே கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். வண்டிகள் சுற்றிப் போகின்றன.

ஜூலை 9, கிராஸ்ஃபியோர்டன்

ஜூலைப் பதினான்கு என்ற பெயருள்ள பனியாற்றின் எதிரே இன்று முழுக்க. பக்கத்துப் பாறையில் கில்லிமாட், பஃபின் என்ற கடற்பறவைகள் குடியிருக்கின்றன. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைப் பாறைகளிலிருந்து 500 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் எந்தப் படகும் போகக் கூடாது. எஞ்சின் உறுமலில் பறவைகள் ஒரேயடியாக எழும்பினால் குறுகிய விளிம்பிலிருக்கும் முட்டைகள் உருண்டு விழும். மெதுவாகப் போனதால் நாங்கள் கீழே வந்து நின்றும் அவை தம் வேலையைப் பார்த்தன. பஃபின் ஒன்று வாய் நிறைய மீனோடு எங்கள் ரப்பர் படகுக்கு மேலேயே பறந்தது.

பனியாற்றின் முகப்பிலிருந்து நல்ல தூரம் விட்டார்கள். காரணம் உண்டு. 2007 ஆகஸ்டில் தெற்கே ஹார்ன்பிரீன் என்ற பனியாற்றின் அருகே ஒரு சிறு பயணக் கப்பல் நெருங்கி நின்றபோது பனிச்சுவர் உடைந்து விழுந்து பலர் காயமடைந்தார்கள். இன்று மதியம் எங்கள் கண்முன்னே ஒரு துண்டு பெயர்ந்தது. சத்தம் முதலில் வரவில்லை. சுவர் சரிவது தெரிந்தது, அப்புறம்தான் இடி. அலை வந்து சேர்ந்தபோது கேப்டன் படகின் மூக்கை அதை நோக்கித் திருப்பிவைத்திருந்தார்.

மாலையில் அவர் கடல் வரைபடத்தைத் திறந்து காட்டினார். பனியாற்றின் முன்னால் வெறும் வெள்ளை, ஆழ எண்களே இல்லை. வரைபடம் அளந்த காலத்தில் அங்கே பனி இருந்தது. பனி பின்வாங்கிவிட்டது, புதிய தண்ணீர் திறந்திருக்கிறது, அதற்குக் கீழே பாறை இருக்கிறதா என்று யாரும் அளக்கவில்லை. ஒவ்வொரு கோடையும் இப்படிப் புதுக் குடாக்கள் உண்டாகின்றன. புதிதாகத் திறந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உல்லாசப் படகுக்காரர்களுக்கு இயல்பு. அந்த இடங்களில் தரை தட்டினால் உதவி வர மணிக்கணக்கு ஆகும்.

ஜூலை 10, மக்தலேனஃபியோர்டன்

கிராவ்னெசெட் முனையில் இறங்கினோம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுத் திமிங்கில வேட்டைக்காரர்கள் இங்கே தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். நூற்றுக்கு மேல் கல்லறைகள். 1946-க்கு முந்திய மனிதத் தடயம் எதுவானாலும் ஸ்வால்பார்டில் தானாகவே பாதுகாக்கப்பட்டது. துருப்பிடித்த ஆணியைக்கூடத் தொடக் கூடாது. கல்லறைகளுக்கும் திமிங்கில எலும்புகளுக்கும் அந்த ஆண்டுக் கணக்குகூட இல்லை, எந்தக் காலத்ததாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு.

இந்த மண்ணைக் குனிந்து பார்த்தேன். பாசி, விரலளவு துருவ வில்லோச் செடி, அதன் மேல் பழைய காலடித் தடங்கள். ஆயிரக்கணக்கில் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் ஒரு காலத்தில் இங்கேதான் இறக்கிவிட்டன. கடற்கரையில் விருந்துகூட நடந்திருக்கிறது. கல்லறைகளின் மேல் ஆள் நடந்து மண் சரிந்தது. அப்புறம் சுற்றிலும் கயிற்றுவேலி போட்டார்கள், கோடையில் கவர்னரின் கள அலுவலர்கள் வந்து தங்கிக் கண்காணித்தார்கள். இன்று 200 பேர் வரம்பு வந்த பிறகு அந்தப் பெரிய கப்பல்கள் இந்தத் தேசியப் பூங்காவுக்குள்ளேயே வர முடியாது. நாங்கள் இருந்த மூன்று மணி நேரமும் ஃபியோர்டில் வேறு கப்பல் இல்லை.

இரவு உணவுக்குப் பின் 43 இடங்களைப் பற்றிப் பேச்சு வந்தது, நேரம் போனதே தெரியவில்லை. கேப்டனுக்கு இந்த விதி மீது வருத்தம். இருபது வருடமாக இந்தக் கரையில் ஓடுகிறவர். அவர் சொன்னதன் சாரம் இது: காற்று திரும்பினால் முன்பெல்லாம் பக்கத்துக் குடாவுக்குப் போய் நங்கூரம் போட்டு, ஆட்களை அரை மணி நேரம் நடக்கவிடுவேன். கூழாங்கல் கரை, செடி இல்லை, பறவை இல்லை, யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. இப்போது பட்டியலில் இல்லாததால் படகிலேயே உட்கார வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் இருநூறு பேருக்கும் ஒரே பட்டியல் என்பது நியாயமா? எல்லாரையும் ஒரே நாற்பத்து மூன்று இடத்தில் குவித்தால் அந்த இடங்கள் தேயாதா?

வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் கேப்டனைப் போலக் கரையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, பாசியின் மேல் விழுந்த தடம் பல பத்தாண்டுகளுக்கு அழியாது என்றார். எந்தக் குடாவில் எப்போது மனிதன் வருவான் என்று தெரியாத நிலைமைதான் கரடிக்கும் குஞ்சு வைத்த வாத்துக்கும் கெடுதல். சில இடங்களைத் தேயவிட்டு மீதிக் கரை முழுவதையும் தொடாமல் வைக்கலாம். அந்தச் சில இடங்களில் எவ்வளவு தேய்ந்தது என்று ஆண்டுதோறும் அளக்கவும் முடியும். எங்கும் பரந்துபோனால் சேதத்தை அளக்கவே முடியாது.

நான் வழிகாட்டியின் பக்கம். கேப்டன் தன்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கலாம், சட்டத்தை அவரை மட்டும் மனத்தில் வைத்து எழுத முடியாது. ஒரு வசந்தத்தில் படகு வாங்கி, கோடையில் வடக்கே கிளம்பிவிடுகிற ஆளையும் அது கட்டிப்போட வேண்டும். ஆனால் அவர் கேட்டதில் ஒரு பகுதிக்கு வழி செய்யலாம். செடியும் கூடும் இல்லாத கூழாங்கல் கரைகள் சிலவற்றைச் சிறு குழுக்களுக்கு மட்டும், கோடையின் பிற்பகுதியில் மட்டும், சேர்த்துக்கொள்ளலாம். காற்றுக்கு ஒதுங்கும் இடமும் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஜூலை 11, டான்ஸ்கெயா

காற்று, மழை, மூடுபனி. வெளியே 4 டிகிரி. பகலில் பாதி நேரம் நங்கூரக் காவல்.

1897-ல் இதே ஜூலை 11 அன்று இந்தத் தீவின் விர்கோஹாம்னாவிலிருந்துதான் ஸ்வீடனின் அந்திரேயும் இரு தோழர்களும் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார்கள். அவர்கள் உடல்கள் 1930-ல் க்விதெயா தீவில் கிடைத்தன. முதல் முயற்சி நடந்த 1896-லேயே அதை வேடிக்கை பார்க்கச் சுற்றுலாக் கப்பல்கள் இங்கே வந்துவிட்டன. துருவக் கடலில் உல்லாசப் பயணம் என்பது அவ்வளவு பழைய பழக்கம். பலூன் கூடாரத்தின் சிதைவுகளை ஆட்கள் எடுத்துப்போனதாலும் மிதித்ததாலும் இங்கே கவர்னரின் தனி அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. படகிலிருந்தே மூடுபனி விலகியபோது சாம்பல் நிற மரக்குவியலைப் பார்த்தோம்.

ஜூலை 12, ராவுட்ஃபியோர்டன்

காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பினார்கள். சிவப்பு மண் சரிவில் வெளிர் மஞ்சளாக ஒரு புள்ளி. பைனாகுலரில் அது பெண் கரடியாயிற்று, அப்புறம் பின்னாலிருந்து ஒரு குட்டி.

வழிகாட்டி தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்தார். 620 மீட்டர். எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்தோம். கரடி தண்ணீரோரமாக எங்கள் திசையில் நடந்துவந்தது. 400 வந்ததும் கேப்டன் எஞ்சினைத் தொடங்கி மெல்லப் பின்னால் நகர்த்தினார். எல்லார் கையிலும் கேமரா, யாரும் பேசவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும், அதுவாகத்தானே வருகிறது, நாம் ஏன் போக வேண்டும் என்றார். சட்டம் அதற்கும் பதில் சொல்லியிருக்கிறது. நீங்கள் நெருங்கினாலும் அது நெருங்கினாலும் தூரத்தைக் காக்க வேண்டியது நீங்கள்தான்.

முன்பு இப்படி இல்லை. கரடியைத் தொந்தரவு செய்யக் கூடாது, துரத்தக் கூடாது, ஆசை காட்டி வரவழைக்கக் கூடாது என்று இருந்தது, எத்தனை மீட்டர் என்று இல்லை. தொந்தரவா இல்லையா என்பதைப் படம் எடுக்க வந்தவரே தீர்மானித்தார். இப்போது அளவுகோல் இருக்கிறது. 300 மீட்டரில் கரடி சிறியதாகத் தெரிகிறது என்று பயண நிறுவனங்கள் குறைபட்டுக்கொண்டன. உண்மை, சிறியதாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் பார்த்தோம். அது கரையில் ஒதுங்கிய கடற்பாசியைக் கிளறியது, குட்டிக்குப் பால் கொடுத்தது, பாறையில் படுத்துத் தூங்கியது. நெருங்கிப் போயிருந்தால் நாங்கள் பார்த்திருக்கப்போவது ஓடும் கரடியை. கடல் பனி ஒவ்வொரு ஆண்டும் சீக்கிரம் உருகுவதால் கோடையில் கரையில் சிக்கிக்கொள்ளும் கரடிக்குச் சீல் வேட்டை அரிது. சேர்த்துவைத்த கொழுப்பில்தான் காலம் தள்ள வேண்டும். பால் கொடுக்கும் தாயை ஒருமுறை ஓடவைத்தால் செலவாவது அந்தக் கொழுப்பு.

எட்டரை மணி இருக்கும். முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு தனியார் பாய்மரப் படகு வந்தது. கரடியைப் பார்த்ததும் நேராகக் கரையை நோக்கித் திரும்பியது. வழிகாட்டி அளந்து சொன்ன எண்கள் 250, 200 என்று இறங்கின. கேப்டன் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் அழைத்தார். முதலில் பதிலில்லை. இரண்டாவது அழைப்புக்கு ஒரு குரல் வந்தது. கேப்டன் கோபப்படவில்லை. கரடி இருக்கிறது, விதி 300 மீட்டர், கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த ஆளுக்கு இந்த ஆண்டின் விதி தெரியவே தெரியாது என்பது பேச்சில் புரிந்தது. உடனே திரும்பிவிட்டார். அதற்குள் தாய் எழுந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டது.

இது என்னை நாள் முழுக்க உறுத்தியது. வணிகப் பயணப் படகுகளுக்கு 2003-ல் தொடங்கிய ஆர்க்டிக் பயணக் கப்பல் இயக்குநர்கள் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஒருவர் இருக்கும் குடாவுக்கு இன்னொருவர் வராமல் முன்கூட்டியே நேரம் பிரித்துக்கொள்கிறார்கள். தனியார் படகுக்கு இதில் எதுவும் இல்லை. கவர்னருக்கு அனுப்பும் அறிவிப்பும் காப்பீடும் மட்டுமே அவரைத் தொடும் இடம். அப்படியானால் அந்த அறிவிப்பையே பயன்படுத்த வேண்டும். அறிவிப்பு அனுப்பும்போதே படகை ஓட்டுகிறவர் ஒரு சிறு தேர்வு எழுதட்டும்: கரடி தூரம் எவ்வளவு, பறவைப் பாறையில் வேகம் எவ்வளவு, எந்த 43 இடம். அரை மணி நேர வேலை. இன்று காலை வந்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தூரம் கரடிக்காக மட்டும் இல்லை. 2018 ஜூலையில் வடக்கே ஃபிப்ஸ்யா தீவில், பயணிகள் இறங்கும் முன் இடத்தைச் சோதிக்கப் போன கப்பல் காவலரைக் கரடி தாக்கியது. அவர் பிழைத்தார், கரடியைச் சுட்டுவிட்டார்கள். எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு முறை கரையிறங்கும்போதும் முதலில் தனியாக மேடேறிச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுகிறார். தோளில் துப்பாக்கி, இடுப்பில் ஒளிக்குண்டுத் துப்பாக்கி. அதை ஒருநாளும் பயன்படுத்தாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் ஆசை.

ஜூலை 13, மோஃபென்

80 டிகிரியைத் தாண்டினோம். மோஃபென் கடல் மட்டத்தோடு ஒட்டிய கூழாங்கல் வளையம். மே 15 முதல் செப்டம்பர் 15 வரை யாரும் இறங்கக் கூடாது, 300 மீட்டருக்குள் படகும் வரக் கூடாது. வால்ரஸ்கள் தூரத்தில் பழுப்புக் கோடாகத் தெரிந்தன. பத்து நிமிடம் நின்று, தெற்கே திரும்பினோம். இனி இரண்டு நாள் ஓட்டம்தான், எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15, லாங்யேர்பியென்

காலையில் துறைக்கு வந்தோம். துறையில் ஒரு பெரிய பயணக் கப்பல் நின்றது, ஊரின் மக்கள்தொகையைவிட அதிகம் பேர் அதில் இருப்பார்கள். அது ஈஸ்ஃபியோர்டனில் சுற்றிவிட்டுப் போய்விடும், பூங்காக்களுக்குள் போகாது. பார்க்கும்போது 1989 ஜூன் நினைவுக்கு வந்தது. ஸ்வால்பார்டுக்கு மேற்கே ‘மாக்ஸிம் கோர்க்கி’ என்ற சோவியத் பயணக் கப்பல் பனியில் மோதியது, ஏறக்குறைய 950 பேர். பலர் பனிக்கட்டிகளின் மேல் இறங்கி நின்றார்கள். நார்வே கடலோரக் காவல் கப்பல் ‘சென்யா’ எட்டும் தூரத்தில் இருந்ததால் எல்லாரும் பிழைத்தார்கள். இந்த ஊர் மருத்துவமனையின் கட்டில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 200 என்ற வரம்பைச் சுற்றுச்சூழல் விதி என்று மட்டும் படித்துவந்தேன். மீட்க முடிகிற அளவுக்குக் கப்பலை விடுவதும் அதற்குள் இருக்கிறது.

வாசகர்கள் சிலர் எப்படி வருவது, எந்தப் படகு என்று கேட்டிருந்தீர்கள். படகுக்குப் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், கரடி அருகில் வந்தால் என்ன செய்வார்கள், கவர்னருக்கு அறிவிப்பு அனுப்பியாயிற்றா, மீட்புக் காப்பீடு யார் பெயரில், இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினரா. கரடியை அருகில் காட்டுவோம் என்று விளம்பரம் செய்கிறவரிடம் போகாதீர்கள். பயணச்சீட்டில் 150 குரோனர் சுற்றுச்சூழல் கட்டணம் சேர்ந்திருக்கும். அது ஸ்வால்பார்டின் சுற்றுச்சூழல் நிதிக்குப் போகிறது, கேள்வி கேட்காமல் கொடுங்கள். 400 மில்லிமீட்டர் லென்ஸாவது எடுத்துவாருங்கள், இல்லையென்றால் நல்ல பைனாகுலர் போதும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஸ்வால்பார்டில் விசா தேவையில்லை. ஆனால் வரும் வழி ஒஸ்லோவோ ட்ரொம்ஸோவோதான், ஸ்வால்பார்ட் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே. திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டியிருக்கும், அதனால் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவாகப் பார்த்து வாங்குங்கள்.